கணிதப் பரீட்சையும் காவல் யந்திரமும்

சாத்தனூர் அணையைக் கடந்து திருக்கோவலூரை நோக்கி வரும் தென்பெண்ணையாற்றின் கரையில் மணலூர்பேட்டை என்னும் ஊர் இருக்கிறது. தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக எழுந்தருளும் ஊர் என்றால் நேயர்களில் பலருக்கு நினைவு வரும். 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விழுப்புரத்தினின்று பிரிந்து உண்டான கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்தது அது. அவ்வூரிலுள்ள ஓர் உழவனின் மகன் உயர்தரக் கணிதம் கற்க ஆசை கொண்டால் முன்னாளில் என்ன செய்திருப்பான்? சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ செல்லப் பணம் இருந்தால் செல்வான். இல்லையேல் ஆசையை ஆற்றில் விட்டுவிட்டு ஏரைப் பிடிப்பான்.

இன்று அப்படியில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் ஆசிரியர்கள் நடத்தும் பாடங்கள், 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தின் மூலம் எவர் வீட்டிலும் கேட்கக் கிடைக்கின்றன. மத்திய சர்க்காரின் ‘ஸ்வயம்’ 2017-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ஆம் ஆண்டில் தரவு அறிவியல் பட்டப் படிப்பை இணைய வழியே ஆரம்பித்தது. அதன் முதற் படியிலேயே கணிதத்துக்கு இரண்டு பாடங்களும் புள்ளியியலுக்கு இரண்டு பாடங்களும் உண்டு. மணலூர்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே ஒரு பையன் சென்னைப் பேராசிரியரிடம் கணிதம் கேட்கலாம். இது நம் காலத்தில் நிகழ்ந்த பெரிய நன்மைகளில் ஒன்று. அதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் பாடம் வீட்டுக்கு வந்துவிட்டது. பரீட்சை எங்கே வருவது? ஒருவன் வீட்டில் தனியே உட்கார்ந்து எழுதும் விடை அவனுடையதுதான் என்பதற்கு யார் சாட்சி? இந்தக் கேள்விக்கு உலகெங்கும் பல விடைகள் சொல்லப்பட்டன. அவற்றுள் ஒன்று மாணாக்கனின் கணினியிலுள்ள கண்ணாடிக் கண்ணையே காவற்காரனாக நிறுத்துவது. அவ்விடை பிழையானது என்பது நமது அபிப்பிராயம். கணிதத்தைப் பொறுத்தமட்டில் அது இருமடங்கு பிழையானது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் நடந்ததையே முதலில் நோக்குவோம். கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் கல்லூரிகள் அடைபட்டன. இறுதியாண்டுப் பரீட்சைகளை நடத்தியே தீரவேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை மாதத்தில் கட்டளையிட்டது. அதனை ஆகஸ்டு 28-ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. அண்ணா சர்வகலாசாலை செப்டம்பர் மாதத்தில் இணைய வழிப் பரீட்சை நடத்தியது. மாணாக்கர் ஒரு மணி நேரத்துக்குள் விடைகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். அவர்களுடைய முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்ட யந்திரம் கவனித்துக்கொண்டிருக்கும். அடுத்த பருவத்துப் பரீட்சைகளும் 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் யந்திரக் காவலுடனேயே நடந்தன. ஏப்ரல் மாதத்தில் முடிவுகள் வெளியானபோது மாணாக்கர் உலகம் திகைத்தது. ஏராளமானோர் தேறவில்லை, பலருடைய முடிவுகள் முறைகேடு செய்தாரென்ற சந்தேகத்தின்பேரில் நிறுத்தி வைக்கப்பட்டன. தலையைத் திருப்பியதற்காகவும், பக்கத்தில் ஏதோ சப்தம் கேட்டதற்காகவும், இணைப்பு அறுந்ததற்காகவும் குற்றவாளிகளாக்கப்பட்டோம் என்று மாணாக்கர் முறையிட்டனர். மே மாதத்தில் பதவியேற்ற புதிய சர்க்கார் மறுபரீட்சைக்கு வழி செய்தது. அம்மறுபரீட்சை தாளில் பேனாவால் எழுதும் பழைய முறையில் நடந்தது. யந்திரத்தின் தீர்ப்பை யந்திரத்தை வைத்தவர்களே நம்பி நிற்க முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இவ்வளவும் ஏன் நேர்ந்தது? சற்று ஆழ்ந்து பார்ப்போம்.

கணக்குப் போடுகிறவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பதை நேயர்கள் மனக்கண்ணால் நோக்குக. அவன் திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பானா? வினாவைப் படித்தவுடன் குனிந்து தாளில் எழுதுவான். வழி தோன்றாதபோது மேற்கூரையைப் பார்ப்பான், சன்னலைப் பார்ப்பான், வாய்க்குள் முணுமுணுப்பான், விரல் மடக்குவான். நமது உபாத்தியாயர்கள் கரும்பலகையில் எழுதும்போது இவற்றையெல்லாம் செய்யக் கண்டிருக்கிறோம். சிந்திக்கும் மனிதனின் இயல்பான அடையாளங்கள் இவை. யந்திரமோ இவ்வடையாளங்களையே திருட்டின் அடையாளங்களாகக் கொள்கிறது. கண் திரையைவிட்டு நீங்கிற்றா? குறித்துக்கொள். உதடு அசைந்ததா? குறித்துக்கொள். இவ்வாறாக, அதிகம் யோசிக்கிறவன் அதிகம் சந்தேகிக்கப்படுகிறான். அடுத்த அறையில் ஒளிந்திருக்கும் தோழனிடமிருந்து விடையைப் பெற்றுத் திரையைப் பார்த்தபடி பொத்தானை அமுக்குகிறவன் யோக்கியனாகக் காட்சியளிக்கிறான்!

வீட்டின் நிலையையும் எண்ண வேண்டும். தனி அறையும் தடையற்ற இணைப்பும் உள்ள வீட்டுப் பிள்ளையை மனத்தில் வைத்தே இந்த யந்திரங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. ஒரே அறையில் பாட்டி இருமுகிறாள், தம்பி அழுகிறான், தெருவில் ஒலிபெருக்கி முழங்குகிறது. இது நமது கிராமத்து வீடு. கல்வராயன் மலையிலுள்ள சிற்றூர்களில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைப்பதே அரிது. இணைப்பு அறுந்தால் அது மலையின் குற்றமா, மாணாக்கனின் குற்றமா? யந்திரத்துக்கு அவ்வித்தியாசம் தெரியாது. நிறத்திலும் அது பேதம் பாராட்டுகிறது. அமெரிக்காவில் லூயிவில் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கருநிற மேனியுடைய மாணாக்கரை இத்தகைய யந்திரம் மற்றவரைவிட அதிகமாகச் சந்தேகக் குறியிட்டது என்று கண்டனர். கருநிறம் நமது மண்ணின் நிறம். இதை நாம் அலட்சியம் செய்யலாமா?

கணிதப் பரீட்சையைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பார்ப்பது பொருந்தும். ஆயிரம் பேர் பரீட்சை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 50 பேர் மோசடி செய்கிறார்கள். 950 பேர் யோக்கியர். யந்திரம் மோசடிக்காரரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகப் பிடிக்கிறது. யோக்கியரில் நூற்றுக்குப் பத்துப் பேரை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கிறது என்று தாராளமாகவே கொள்வோம். முடிவு என்ன? மோசடிக்காரரில் 45 பேர் அகப்படுவர். யோக்கியரில் 95 பேர் அகப்படுவர். சந்தேகப் பட்டியலில் உள்ள 140 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் நிரபராதிகள்! யந்திரம் நூற்றுக்குத் தொண்ணூறு சரியானது என்று விற்பவன் சொல்லும்போது, வாங்குகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா? நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு, பத்துக் குற்றவாளிகள் தப்பினும் ஒரு நிரபராதி தண்டனை அடையலாகாது என்ற தர்மம் பாலபாடம். இங்கே அந்தத் தர்மம் தலைகீழாக நிற்கிறது. குற்றம் சாட்டுகிறவன் ருஜுப்பிக்க வேண்டியதில்லை. சாட்டப்பட்ட பிள்ளைதான் தன் கண் ஏன் மேலே பார்த்தது என்று ருஜுப்பிக்க வேண்டும்!

சட்டத்தின் போக்கும் இதற்கு அனுகூலமாக இல்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்துச் சர்வகலாசாலை ஒன்று, பரீட்சைக்கு முன் மாணாக்கன் தன் படுக்கையறையைச் சுற்றிலும் காமிராவுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டது. அது அரசியல் சட்டத்துக்கு விரோதமான சோதனை என்று அங்குள்ள பெடரல் கோர்ட்டு 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தீர்ப்பளித்தது. நம் தேசத்திலும் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆந் தேதி புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று கூறிவிட்டனர். போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் வீட்டில் நுழைந்து சோதனையிட வேண்டுமானால் சட்டம் எத்தனையோ நிபந்தனைகளை விதிக்கிறது. கணக்குப் பரீட்சைக்காக ஒரு பெண் குழந்தையின் அறைக்குள் அந்நியக் கம்பெனியின் கண் நுழைய ஒரு நிபந்தனையும் வேண்டாமா?

இனி, அச்சத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். கணிதத்தைக் கண்டு நடுங்குவது சோம்பேறிகளின் சாக்கு என்று எண்ணுவோர் உளர். அது பிழை. கணித அச்சத்தை அளக்கும் அளவுகோலொன்றை அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1972-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். 2012-இல் பல தேசங்களைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பிள்ளைகளிடையே நடந்த பீசா பரீட்சையில், கணித வகுப்புகள் தமக்குக் கடினமாகுமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாக நூற்றுக்கு 59 பேர் கூறினர். வீட்டுக் கணக்கைப் போடும்போது மிகவும் பதறுவதாக 33 பேர் கூறினர். இவ்வச்சம் எப்படி வேலை செய்கிறது? ஒரு கணக்கைப் போடும்போது முதல் வரியில் வந்த எண்ணையும், அடுத்துச் செய்யவேண்டியதையும் மனம் ஒருங்கே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பிடித்துக்கொள்ளும் இடம் மனத்தில் மிகவும் சிறியது. கவலை வந்து அவ்விடத்தில் குந்திக்கொண்டால் கணக்குக்கு இடமேது? தெரிந்த கணக்கும் அந்த நேரத்தில் மறந்துபோகும். ஆகவே அஞ்சுகிற பிள்ளையின் மதிப்பெண் அவனுடைய அறிவைக் காட்டுவதில்லை, அச்சத்தையே காட்டுகிறது.

அவ்வச்சத்தின்மேல், “உன்னை ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறது; நீ அசைந்தால் குற்றவாளி” என்ற அச்சத்தையும் ஏற்றினால் என்ன ஆகும்? அது வெறும் மதிப்பெண்ணோடு நிற்கும் விஷயமல்ல. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணாக்கர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்றப் பதிவேட்டின் கணக்கு கூறுகிறது. அவையெல்லாம் பரீட்சையால் நேர்ந்தவை அல்ல. ஆனாலும், ஒரு தாளின் முடிவே தன் வாழ்வின் முடிவென்று பிள்ளைகள் எண்ணும்படி விட்டிருக்கும் சமூகம், அந்தத் தாளை எப்படி நடத்துவது என்பதில் அசட்டையாக இருக்கக்கூடாது. அச்சத்தைக் குறைக்கச் செலவில்லாத வழிகளும் உண்டு. பரீட்சைக்கு முன் பத்து நிமிஷம் தன் கவலைகளைத் தாளில் எழுதிய மாணாக்கர், அவ்வாறு எழுதாதவரைவிட நன்றாக எழுதினர் என்று சிக்காகோவைச் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர் 2011-இல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வெளியிட்டனர். பத்து நிமிஷமும் ஒரு தாளும்! எந்தப் பள்ளிக்கூடத்தாலும் முடியாத காரியமா இது?

இத்தனையும் சொன்னதால், மோசடியை நாம் மன்னிக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். மோசடி உண்மையாகவே இருக்கிறது, பெருகியும் இருக்கிறது. கணிதத்தில் விடை சிறியது, ஓர் எண். அதை ஒரு நொடியில் வாட்ஸ்அப்பில் நூறு பேருக்கு அனுப்பலாம். கணக்கைக் கைப்பேசியால் படமெடுத்தால் படிப்படியாகப் போட்டுக் காட்டும் செயலிகள் வந்துவிட்டன. 2022-ஆம் ஆண்டு இறுதி முதல் சாட்ஜிபிடி போன்றவை கேட்டவுடன் விடை எழுதித் தருகின்றன. இதனால் கெடுவது யார்? இரவெல்லாம் கண்விழித்துப் படித்து, 62 மதிப்பெண் வாங்கும் ஏழைப் பிள்ளைதான். பக்கத்து வீட்டுக்காரன் திருடி 95 வாங்கினால், வேலை அவனுக்குப் போகிறது. ஆகையால் நாணயமான பரீட்சை ஏழையின் சொத்து. அதைக் காப்பது ஏழையின் பக்கம் நிற்போரின் கடமை.

மனிதரை நம்பி முற்றும் விட்டுவிடலாமா? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 1921-ஆம் ஆண்டு முதல் மாணாக்கரின் மானத்தை நம்பிக் காவலின்றிப் பரீட்சை நடத்தும் வழக்கம் இருந்தது. நூறாண்டுகளுக்குப் பின், 2023-இல் அவர்களே காவலைச் சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தனர். சரி, மனிதக் காவல் போதுமா? நம் மாகாணத்திலேயே 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த தேர்வாணையத்தின் நான்காம் தொகுதிப் பரீட்சையில், இராமேசுவரம், கீழக்கரை நிலையங்களில் எழுதியோர் மறையும் மையால் விடை குறித்தார்கள். பின்னர் இடையில் சரியான விடைகள் குறிக்கப்பட்டன. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. காவலர்கள் நிறைந்த மண்டபத்தில் எழுதிய பரீட்சைதான் அது! 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அமுலில் இருக்கும் மத்திய சட்டம், வினாத்தாள் திருடும் கூட்டத்தாருக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. சட்டம் நல்லதே. ஆனால் அது பெருங் கள்ளரைப் பற்றியது. தன் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனத்தில் நாணயத்தை விதைப்பது எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

அப்படியானால் ஒருவனுடைய கணிதம் அவனுடையதுதான் என்பதை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு விடை தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. மணலூர்பேட்டையிலிருந்து ஆற்றின் போக்கிலேயே சில மைல் சென்றால் திருக்கோவலூர். அங்கே 1910-ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் நமக்கு விடை கூறுகிறது.

கும்பகோணத்துப் பையன் ஸ்ரீநிவாச ராமானுஜன் பரீட்சைகளால் நொறுக்கப்பட்டவர். கணிதத்தில் ஆழ்ந்து மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். மனமுடைந்து, 1905-இல் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிவிட்டார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எப்.ஏ. பரீட்சை எழுதி 1906-லும் 1907-லும் தவறினார். சர்வகலாசாலையின் கணக்கில் அவர் யோக்கியதை அற்றவர். வேலை தேடி அலைந்த அவர், விழுப்புரம் வழியாகத் திருக்கோவலூர் வந்து சேர்ந்தார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் நிறுவியவர் அவரே. ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, ரெவினியூ இலாகாவில் ஒரு சிறு குமாஸ்தா வேலை கேட்டார். ராமசாமி ஐயர் சான்றிதழைக் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து படித்தார். படித்தபின், இத்தகைய மேதையை ரெவினியூ இலாகாவின் அடிப்படியில் போட்டு அமுக்க மனமில்லை என்று, சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

இதன் அடுத்த பகுதி நமது விஷயத்துக்கு இன்னும் பொருத்தமானது. நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ், இந்த இளைஞர் உண்மையானவர்தாமா, மோசக்காரரோ என்று முதலில் சந்தேகித்தார். சந்தேகம் இயல்பே. அவர் என்ன செய்தார்? அறைக்குள் பூட்டிக் காவல் வைக்கவில்லை. மீண்டும் மீண்டும் வரச் சொல்லிப் பேசினார். ராமானுஜன் எளிய முடிவுகளிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் கடினமான தத்துவங்கள் வரை விளக்கிக் காட்டினார். கேட்கக் கேட்கச் சந்தேகம் கரைந்தது. கலெக்டர் மாதந்தோறும் பண உதவி செய்ய முன்வந்தார். 1913 ஜனவரியில் ராமானுஜன் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டிக்குக் கிடைத்தபோது, அவருக்கும் இதே சந்தேகம். அவரும் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து அந்தத் தாள்களை வரி வரியாகப் பார்த்தனர். இவற்றைக் கற்பனையாக இட்டுக்கட்ட ஒருவராலும் ஆகாது என்ற முடிவுக்கு வந்தனர். அதே ஹார்டிதான் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதல்வன், இரண்டாமவன் என்று வரிசைப்படுத்தும் பழைய வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர்களில் ஒருவர். அவ்வரிசை 1909-ஆம் ஆண்டோடு ஒழிந்தது.

இதனால் நாம் கண்டது என்ன? கணிதத்தில் நாணயம் வேலையிலேயே தெரியும், முகத்தில் தெரியாது. விடை மட்டும் கேட்டால் திருடனும் யோக்கியனும் ஒன்றே. வழியைக் கேட்டால் இருவரும் பிரிந்துவிடுவர். எளிய உதாரணம் ஒன்று கூறுவோம். கூட்டினால் 7-ம், பெருக்கினால் 12-ம் வரும் இரண்டு எண்கள் எவை? மூன்றும் நான்கும் என்று கைப்பேசி உடனே கூறும். ஆனால் மாணாக்கனை எதிரே உட்கார வைத்து, “அப்பா, கூட்டினால் 7 வரும் எண்களைப் பெருக்கினால் 13 வருமா? வராதென்றால் ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். கற்றவன் சிறிது யோசித்து, இரண்டு எண்களும் மூன்றரையாகச் சமமாகும்போது பெருக்கல் மிக அதிகம், அப்போதும் 12¼-க்கு மேற்போகாது என்று சொல்லுவான். யோசிக்கும்போது மேற்கூரையைப் பார்ப்பான், பார்க்கட்டும்! கற்காதவன் விழிப்பான். ஐந்து நிமிஷப் பேச்சில் தெரிந்துவிடும் உண்மை இது. அன்றியும், நல்ல உபாத்தியாயர் கேட்கும் கேள்வியில் கற்காதவனும் சிறிது கற்றுக்கொண்டு எழுந்திருப்பான். யந்திரக் காவலால் இது ஆகுமா?

லட்சக்கணக்கானோர் படிக்கும் இணைய வகுப்பில் ஒவ்வொருவரிடமும் பேச ஆள் எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதனால்தான் பின்வரும் நான்கு யோசனைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கூறுகிறோம்.

முதலாவது, பாடம் வீட்டில் இருக்கட்டும். பட்டத்துக்குரிய பரீட்சை ஊருக்கருகே, மனிதர் முன்னிலையில் நடக்கட்டும். என்.பி.டி.இ.எல். இம்முறையையே கைக்கொண்டிருக்கிறது, வாரந்தோறும் வீட்டில் செய்யும் வேலைக்கு நூற்றுக்கு 25, நிலையத்தில் எழுதும் பரீட்சைக்கு 75. சென்னை ஐ.ஐ.டி.யின் பட்டப் படிப்பிலும் மாணாக்கர் நிலையங்களுக்கு நேரில் சென்றே எழுதுகின்றனர். முறை நல்லது, ஆனால் நிலையங்கள் நகரங்களில் இருக்கின்றன. மணலூர்பேட்டைப் பெண் ஒருத்தி ஒரு மணி நேரப் பரீட்சைக்காக முதல் நாளே பஸ் ஏறித் தந்தையுடன் நகரத்துக்குப் போய்த் தங்க வேண்டுமானால், பாடம் இலவசமாக இருந்தும் பரீட்சை பணக்காரனுக்கே உரியதாகும். ஒவ்வொரு தாலூகாவிலும் சர்க்கார் மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் கணினிகளும், விடுமுறை நாளில் காலியான அறைகளும் இருக்கின்றன. அவற்றை நிலையமாக்கத் தடை என்ன?

இரண்டாவது, ஒரே பெரும் பரீட்சையை ஒழித்துப் பல சிறு பரீட்சைகளாக்க வேண்டும். ஒரு நாளில் ஓராண்டின் விதி தீருமானால் அச்சமும் பெருகும், திருடும் ஆசையும் பெருகும். பத்தில் ஒரு பங்குக்காகத் திருடுவோர் சிலரே. தவறினவனுக்கு மறுமுறை எழுத இடமிருந்தால் அச்சத்தின் பல் உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, விடைக்கு மட்டுமன்றி வழிக்கும் மதிப்பெண் தரவேண்டும். கையால் எழுதிய தாளைப் படிக்க ஆள் வேண்டும், உண்மை. எல்லோரிடமும் வாய்மொழிக் கேள்வி கேட்க முடியாவிட்டாலும், பத்தில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுத்துக் கேட்கலாம். யாருக்குச் சீட்டு விழுமென்று தெரியாதபோது எல்லோரும் படிப்பர். கணிதம் கற்று வேலையின்றி இருக்கும் பட்டதாரிகள் நம் ஜில்லாக்களில் குறைவா? அவர்களுக்குக் கூலி கொடுத்து இவ்வேலையைத் தந்தால், யந்திரக் கம்பெனிக்குப் போகும் பணம் நம் பிள்ளைகளிடமே தங்கும்.

நான்காவது, எங்கேனும் யந்திரத்தை வைத்தே தீரவேண்டுமானால், அதன் குறி சந்தேகமாக இருக்கட்டும். தீர்ப்பாக இருக்க வேண்டாம். எக்காரணத்தால் சந்தேகம் என்பதை மாணாக்கனுக்கு எழுத்தில் கூறி, அவன் வார்த்தையைக் கேட்டு, மனிதர் ஒருவர் தம் பெயரைக் கையெழுத்திட்டுத் தீர்ப்புக் கூற வேண்டும். அப்பீலுக்கும் இடம் வேண்டும். களவு செய்த கைதிக்கும் இவ்வுரிமைகள் உண்டு. கணக்குப் படித்த குழந்தைக்கு இல்லையென்றால் அது என்ன நியாயம்?

மாணாக்கருக்கும் ஒரு வார்த்தை. தம்பிகளே, தங்கைகளே! உங்களைத் திருடரென்று எண்ணும் யந்திரத்தை நாம் எதிர்க்கிறோம். அதனால் உங்கள் பொறுப்புக் குறையவில்லை, பெருகுகிறது. காவலில்லாத அறையில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தெரியாத கணக்கைத் தெரியாதென்று விட்டு எழுந்திருக்கும் பிள்ளைதான் சுயராஜ்யத்துக்குத் தகுதியான பிரஜை. பிறர் போட்ட கணக்கை உங்கள் பெயரில் அனுப்பினால் சர்வகலாசாலையை ஏமாற்றலாம். நாளை நீங்கள் கட்டும் பாலத்தை ஏமாற்ற முடியாது. வெள்ளம் வரும்போது தென்பெண்ணை மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை.

சர்க்காரையும் சர்வகலாசாலைகளையும் நாம் வற்புறுத்திக் கேட்பது இது: யந்திரங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையாவது தாலூகாதோறும் பரீட்சை நிலையங்களுக்கும், நோட்டைத் திறந்து படிக்கும் உபாத்தியாயர்களுக்கும் ஒதுக்குங்கள். கள்ளக்குறிச்சி ஜில்லாவில், மணலூர்பேட்டையிலிருந்தே இதனைத் தொடங்கலாம். நூறாண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு டிப்டி கலெக்டர் ஒரு நோட்டைத் திறந்து பார்த்ததால் உலகத்துக்கு ஒரு ராமானுஜன் கிடைத்தார். அன்று அவரும், பரீட்சையில் தவறியவன் என்று குறியிட்டு அனுப்பியிருந்தால்? அவ்வாறு குறியிடப்பட்டுத் திரும்பிப்போகும் பிள்ளைகள் இன்றும் எத்தனை பேரோ! அவர்கள் நோட்டுகள் திறக்கப்பட வேண்டும். இக்காரியத்தில் இனியும் தாமதம் கூடாது.